நெய்தல் நிலத்து நகை: ‘கேலியில் வல்ல தகாகி’ என்னும் சப்பானியத் தொடர் பற்றிய ஒரு மதிப்பீடு

எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அழுகை அதற்கு அடுத்தது, பெருமிதம் ஆறாவது, உவகை இறுதியது. இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர் காட்டும் காரணம் யாதாயினும் ஆகுக. பிற்காலத் திறனாய்வாளர் அதனைப் பின்பற்றினர் என்று சொல்லுதற்கில்லை. அவலத்தை ஆராய்ந்து எழுதிய நூல்களோடு ஒப்பிட, நகையை ஆராய்ந்தன சிலவே. மெல்லிய நகையால் இயன்ற ஒரு படைப்பைக் கண்டால் ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல்லால் அதனைப் புறத்தே நிறுத்திவிடுகிறோம். அச்சொல் மதிப்பீடு அன்று, மதிப்பிட மறுத்தலே. நகை எதனாற் பிறக்கிறது, எதனை மறைக்கிறது, எதனைத் தாங்குகிறது என்னும் வினாக்களை நம் இலக்கணமே எழுப்பியிருக்க, அவற்றை ஒரு பள்ளிக் காதற்கதையிடத்துக் கேட்டுப் பார்ப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

ஈண்டு எடுத்துக்கொண்டது ‘கரகை ஜோசு நோ தகாகி-சான்’ என்னும் சப்பானிய அனிமே தொடர். அனிமே என்பது ஓவியங்களை வரைந்து இயங்கச் செய்யும் சப்பானியத் திரைப்படைப்பு; மங்கா என்பது அந்நாட்டார் சித்திரக்கதை. தலைப்பின் பொருள் ‘கேலி செய்வதில் வல்ல தகாகி’ என்பதாம். யமமோட்டோ சோயிச்சிரோ என்பார் 2013 முதல் 2023 வரை எழுதி வரைந்து, 20 தொகுதிகளில் நிறைவுற்ற மங்காவே இதன் மூலம். ஷின்-எய் என்னும் நிறுவனம், அககி ஹிரோஅகியின் இயக்கத்தில், 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் பருவத்திற்குப் பன்னிரண்டாக 36 பகுதிகளை வெளியிட்டது. 2022இல் ஒரு திரைப்படமும் வந்தது. தமிழ்ச் சிறார் நன்கறிந்த டோரேமானையும் ஷின்-சானையும் தொலைக்காட்சிக்கு ஆக்கியதும் இந்நிறுவனமே. ஆதலின் இதன் கைவண்ணம் நம் இல்லங்களுக்குப் புதிதன்று.

கதை என எடுத்துரைக்கத்தக்கது மிகக் குறைவு. நடுநிலைப்பள்ளி வகுப்பொன்றில் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்திருப்போர் இருவர். தகாகி என்னும் சிறுமி நிஷிகதா என்னும் சிறுவனை நாள்தோறும் ஏதேனுமொரு சிறு சூழ்ச்சியால் முகஞ்சிவக்கச் செய்கிறாள். ஒருமுறையேனும் அவளை வென்றுவிட வேண்டும் என்று அவன் திட்டம் வகுக்கிறான், தோற்கிறான், தோற்ற கணக்கிற்குத் தண்டால் எடுக்கிறான், மறுநாள் மீண்டும் தொடங்குகிறான். அவன் ஒருவன் அறியாததும் காண்போர் அனைவரும் அறிந்ததுமாகிய செய்தி, அவளுக்கு அவன்பால் உள்ள அன்பு. சப்பானியப் பள்ளிக் காதல் தொடர்களிற் பெரும்பாலன உயர்நிலைப்பள்ளியைக் களமாகக் கொள்ளும். இஃது அதற்கு முந்திய மூன்றாண்டுப் பள்ளிப் பருவத்தைக் கொண்டது. அவ்வேறுபாடு சிறிதன்று. இவர்கள் சிறார், தொடரும் அவ்வரம்பைக் கடவாது விளையாட்டின் அளவிலேயே நிற்கிறது. எனவே அகத்திணைக் களவொழுக்கத்தோடு இதனை முற்றும் பொருத்திக் காட்டல் யான் மேற்கொண்ட செயல் அன்று. நகையின் அமைப்பும் மறைத்துரைக்கும் முறையுமே ஒப்பிற்கு உரியன.

இத்தொடரை யான் முதலிற் கேள்வியுற்றது பொம்மையார்பாளையத்தில். புதுச்சேரிக்கு வடக்கே, வானூர் வட்டத்துக் கடற்கரையில், மீனவர் குடியிருப்பும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அடுத்தடுத்து அமைந்த ஊர் அது. மயிலத்துப் பொம்மபுர ஆதீனத்தின் பெயரில் வாழும் பொம்மபுரம் இவ்வூரே என்பதனை மயிலத்திற் பயின்ற தமிழ்ப் புலவர் அறிவர். அங்கிருந்து வடக்கே செல்லின் கழுவெளி நீர்ப்பரப்பும் அதனையடுத்து மரக்காணத்து உப்பளங்களும் வரும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என அறிஞர் பலர் கருதுவர். நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டு நெய்தல் இது. கல்லூரி மாணவர் சிலர் இக்கரையில் கைப்பேசியில் இத்தொடரைக் கண்டு மகிழ்ந்ததும், பள்ளி விட்டுக் கடலோரச் சாலையில் இருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் காட்சியைத் தம்மூர்க் காட்சி போல எடுத்துக் காட்டியதும் என் கவனத்தை ஈர்த்தன. சப்பானிய மொழியும் நம் மொழியும் வேறு. சப்பானியக் கருப்பொருளும் நம் கருப்பொருளும் வேறு. ஆயினும் முதற்பொருள் ஒத்திருத்தலை அவர்கள் கண்டுகொண்டனர்.

அவர்கள் கண்டது பிழையன்று. தொடரின் களம் சேத்தோ உள்நாட்டுக் கடலிலுள்ள ஷோதோஷிமா என்னும் தீவு. மூல ஆசிரியர் அத்தீவின் தோனோஷோ என்னும் ஊரிற் பிறந்தவர். கோயிற் படிகள், பேருந்து நிறுத்தம், கடலோரத் தடுப்புச் சுவர் ஆகியன அத்தீவின் உண்மை இடங்களைப் பார்த்தே வரையப்பட்டன. 1908இல் ஒலிவ மரம் பயிரிடத் தொடங்கிய தீவு அது. நெடுங்காலமாகச் சோயாச் சாறு காய்ச்சும் தீவு. அத்தொழிலுக்கு அடிப்படையாய் நின்றது அங்கு முன்னர் விளைந்த கடலுப்பு. உப்பு விளைந்த மணலில் இளையோர் இருவர் நடக்கும் கதை மரக்காணத்துக் கரையிலிருந்து நோக்குவார்க்கு அயலாகத் தோன்றாமை இயல்பேயாம். எற்பாட்டைப் பிற்பகல் எனக் கொள்ளும் உரைவழக்கின்படி நோக்கின் மற்றொன்றும் புலனாகும். இத்தொடரின் சிறந்த காட்சிகள் அனைத்தும் பள்ளி முடிந்து வீடு திரும்பும் பொழுதினவே. வகுப்பறைக் காட்சிகளில் நகை மிகும். சாய்ந்த வெயிலில் நகையோடு வேறொன்றும் கலக்கும்.

அவ்வேறொன்று யாது? நெய்தற்குரிய உரிப்பொருள் இரங்கல். அத்தீவிற்கும் இரங்கல் இலக்கியம் ஒன்று உண்டு. ஷோதோஷிமாவிற் பிறந்த சுபோய் சகாயே 1952இல் வெளியிட்ட ‘இருபத்து நான்கு கண்கள்’ என்னும் புதினம், கடற்கரைச் சிற்றூர்ப் பள்ளிக்கு வந்த ஆசிரியை ஒருவரையும் அவர்தம் பன்னிரு மாணாக்கரையும் பற்றியது. போரும் வறுமையும் அம்மாணாக்கரைச் சிதைத்த வரலாறு அது. கினோஷிதா கெய்சுகே 1954இல் அதனை அத்தீவிலேயே திரைப்படமாக்கினார். அதே தீவு, அதே பள்ளி, அதே கடல். ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து அதே மணலை ஒருவர் தேர்ந்து, அதன்மேல் ஒரு துளிக் கண்ணீரும் சிந்தாத கதையொன்றை அமைக்கிறார். யமமோட்டோ அப்புதினத்தை மனத்திற் கொண்டு எழுதினார் என்பது என் கருத்தன்று. ஒரு நிலத்திற்கு இரங்கலே உரியது என்னும் எண்ணம் வேரூன்றிய பின்னர், அங்கு நகை வாழ இடமுண்டா என்பதே என் வினா.

சங்கப் புலவர் இடமுண்டு என்றே கண்டனர். அகநானூற்று 390ஆம் பாட்டு அம்மூவனார் பாடியது. உப்பினை நெல்லுக்கு மாற்றக் கூவிச் செல்லும் உமணர் மகளைத் தலைவன் வழிமறித்து, விலை கேட்பான் போலக் குறும்பாக ஒன்று வினவுகிறான். எம்மைத் தடுக்கும் நீர் யாவிர் என அவள் கேட்டு, சிறிதே விலகி, ஒரு முறுவலோடு செல்கிறாள். அவ்வளவே நிகழ்ச்சி. அவள் கேட்டது வினாவா, விடையா? கடிதலா, ஒப்புதலா? முறுவல் ஒன்றே சான்று. அச்சான்றும் இருபொருள் படுவது. நற்றிணை 172ஆம் பாட்டில், விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்துப் புன்னையாயிற்று என்றும், தாய் அதனைத் தம் தங்கை என்றாள் என்றும், அதன் நிழலில் நின்று நகையாட நாணுகின்றோம் என்றும் கூறப்படுகிறது. இவை நெய்தற் பாட்டுகள். இரங்கல் நிலத்தில் நகை ஊன்றிய கால்கள் இவை. குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடிய ‘கள்வன் மகன்’ பற்றிய பாட்டினை (கலித்தொகை 51) ஈண்டு நினையாதார் இலர். சிறு பருவத்தில் மணல்வீட்டைக் காலாற் சிதைத்து, மாலையைப் பறித்து, பந்தைக் கவர்ந்தோடிய குறும்பன், வளர்ந்தபின் நீர் வேட்டு வருகிறான், கையைப் பற்றுகிறான், அவள் அலறுகிறாள், தாய் ஓடிவர, நீர் விக்கினான் என்று அவளே காத்துவிடுகிறாள். நகையின் வழியே அன்பு வெளிப்படுதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு யாண்டும் அரிது. ஆண்டுக் குறும்பு செய்பவன் ஆண்மகன். தகாகியில் அப்பணி பெண்மேல் வந்து நிற்கிறது. உமணர் மகளின் முறுவல் ஒரு தொடர் முழுவதும் நீண்டால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருக்கிறது இது.

தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களன் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். தொடரின் தலைப்பிலேயே எள்ளல் உள்ளது. இளமை களத்திலேயே உள்ளது. எஞ்சிய இரண்டும் நிஷிகதாவின் பங்கு. அவற்றின் வேறுபாட்டை இத்தொடர்போல் விளக்கும் படைப்பினை யான் அண்மையிற் கண்டிலேன். பேதைமை என்பது அறியாமை. அவள் வகுக்கும் சூழ்ச்சியை அறியாமையால் அவன் வீழ்வது அதன்பாற் படும். இது முதற்பருவத்து நகை. எளிதிற் பிறந்து எளிதில் தேய்வது. மடன் என்பதற்கு, ஒன்றனை உள்ளத்துப் பதித்துக்கொண்டபின் அதனை விடாது பற்றியிருத்தல் என்னும் கருத்துப்பட உரையாசிரியர் பொருள் கூறுவர். ‘இவள் என்னைக் கேலி செய்கிறாள்’ என்னும் ஒரே கருத்தினை நிஷிகதா முதல்நாளிற் பற்றினான். அதற்கு மாறான சான்று மலைபோற் குவியினும் விடுகின்றானல்லன். அவள் உண்மையைச் சொன்னாலும் அதுவும் கேலியே என்று கொள்கிறான். மேலும் ஒன்று: இவன் ‘நூறு விழுக்காடு ஒருதலைக் காதல்’ என்னும் பொருள்படும் பெயருடைய காதற் சித்திரக்கதையைப் பிறர் அறியாமற் படித்து உருகுபவன். ஏட்டிலுள்ள காதல் அவனுக்கு விளங்குகிறது. அடுத்த இருக்கையிலுள்ளது விளங்கவில்லை. இலக்கியம் பயில்வோராகிய நமக்கும் இந்நகை சிறிது தைக்கும்.

எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் மற்றொன்று. இவ்விரண்டாவதுதான் நுட்பமானது, தன்னை எள்ளியதற்குத் தானே நகக்கூடியவனுக்கு உள்ளத்தில் ஒரு விடுதலை உண்டு. நிஷிகதா முதற்பருவத்தில் ஓரிடத்தும் அவ்வாறு நகுவதில்லை. வெம்புகிறான், நாணுகிறான், பழிவாங்கத் துடிக்கிறான். இதனால் முதற்பருவத்து எள்ளல் சில பகுதிகளில் ஒருதலைப்பட்டு நிற்கிறது. ஒரே பொறி, ஒரே வீழ்ச்சி, ஒரே சிவந்த முகம். ஆறு பகுதி தொடர்ந்து காண்போர் ஏழாவதன் முடிவை முன்னரே சொல்லிவிடுவர். இக்குறையை மறைத்தற்கில்லை. இரண்டாம் பருவத்தில் அவன் தோற்பதிலே ஒரு நிறைவு காணத் தொடங்குகிறான். தோல்வி தரும் வெம்மை குறைந்து, தோற்கும் பொருட்டே போட்டிக்கு வருகிறானோ என ஐயுறும் அளவிற்கு மாறுகிறான். கோடைத் திருவிழாக் கூட்டத்தில் கைகோத்து நடக்கும் அப்பருவத்தின் இறுதிப் பகுதி தொடர் முழுவதிலும் தலைசிறந்தது என்பது என் துணிபு. அங்குக் கேலி ஏறத்தாழ இல்லை. அதுகாறும் கேலி தாங்கி நின்ற பொருள், தாங்குவார் இன்றித் தானே நிற்கிறது. மூன்றாம் பருவம் இடையில் தளர்ந்து, காதலர் நாளையும் அதற்கு மறுமொழியாகிய மார்ச்சு 14ஆம் நாளையும் சார்ந்த இறுதிப் பகுதிகளில் மீள்கிறது.

இனி, எள்ளல் எதனைத் தாங்குகிறது என்பதனை நோக்குவாம். தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைத்தல் இல்லை என்பது களவியல் மரபு. ஆயினும் புதிய மட்கலத்தில் பெய்த நீர் புறத்தே கசிவது போல அவ்வுணர்வு புலப்படும் என்றும் ஆண்டே கூறப்பட்டது. உரையாமலும் வேண்டும், புலப்படவும் வேண்டும். இம்முரணைத் தீர்த்தற்குச் சங்கப் புலவர் தோழியைப் படைத்தனர். உள்ளுறையையும் இறைச்சியையும் அமைத்தனர். தகாகிக்குத் தோழி இல்லை. வகுப்பில் மினா, யுகாரி, சனாஏ என்னும் மூவர் உளர். அவர்கள் தம் விளையாட்டிலேயே மூழ்கியவர். இருவர்க்கும் இடையே நின்று சொல்லெடுத்துச் செல்பவர் அல்லர். எனவே தோழியின் பணியைக் கேலி மேற்கொள்கிறது. ‘உன்னோடு இருப்பது எனக்கு மகிழ்ச்சி’ என்று தகாகி சொல்லுகிறாள். அவன் திகைத்து நிற்கையில் நகைத்து, கேலி என்று ஆக்கிவிடுகிறாள். சொல்லியதும் ஆயிற்று, சொல்லாததும் ஆயிற்று. கசிந்த நீரைத் துடைத்துவிட்டுக் கலம் மீண்டும் நாணத்தோடு நிற்கிறது. இவ்வுத்தியே தொடரின் உயிர். நகை இங்கு அன்பின் அணிகலன் அன்று. அன்பு வெளிவருதற்கு அமைந்த ஒரே வாயில்.

கூற்று முறையும் இதற்குத் துணை செய்கிறது. நாம் கேட்கும் உள்ளக் குரல் பெரும்பாலும் நிஷிகதாவினுடையது. கஜி யூகி அக்குரலை ஓயாத பதற்றத்தோடு தந்துள்ளார். தகாகியின் உள்ளம் நமக்குத் திறந்து காட்டப்படுவது அரிது. தகஹஷி ரிஏவின் குரல் தாழ்ந்து, அமைந்து, ஒரு நொடி பிந்தி வரும். அந்த ஒரு நொடியிலே அவள் உள்ளத்தைக் காண்போர் கணிக்க வேண்டும். தலைவன் கூற்றாக அமைந்த உமணர் மகள் பாட்டில் அவள் முறுவலைத் தலைவன் கண்வழியே மட்டும் காண்பது போன்றது இது. பெயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அகத்திணை மாந்தர் ஒருவர்க்கும் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. இத்தொடரின் இருவரும் தொடர் முழுவதும் குடிப்பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். வகுப்புத் தோழரைக் குடிப்பெயரால் அழைத்தல் சப்பானிய வழக்கமே; எனினும் நாள்தோறும் உடன் நடக்கும் இருவரும் அவ்வழக்கினைக் கடவாமை அவர்களைத் தனிமனிதராகவன்றி ஒரு நிலைமையின் இரு முனைகளாக நிறுத்துகிறது. யார் மகள், யாது ஊர் என்பன வேண்டாத கதை இது.

இவ்விடத்து உயர்நிலைப்பள்ளியைக் களமாகக் கொண்டு 2019இல் தொடங்கிய ‘காகுயா-சாமா’ என்னும் தொடரோடு ஒப்பிடுதல் பயன்தரும். ஆண்டு மாணவர் மன்றத் தலைவனும் துணைத்தலைவியும் தத்தம் காதலை முதலிற் கூறுவோர் தோற்றவராவர் என்று எண்ணி, மதிநுட்பத்தால் ஒருவரையொருவர் வீழ்த்த முயல்வர். நகை மிகுதி, அமைப்பு வியக்கத்தக்கது. ஆயினும் அந்நகை பெருமிதத்தின்மேல் ஏறி நிற்பது. இருவரும் கற்றோர், தம்மை அறிந்தோர். தகாகியின் நகையோ மடனின்மேல் ஏறி நிற்பது. முன்னது சொற்போர், பின்னது சிறுவர் விளையாட்டு. அறிவால் எழும் நகையை உயர்ந்ததென்றும் மடத்தால் எழும் நகையைத் தாழ்ந்ததென்றும் வைத்தல் நம் இலக்கணம் சொல்லாதது.

பொம்மையார்பாளையத்து மாணவியொருத்தி இத்தொடரைப் பற்றிக் கேட்ட வினாவினும் கூரிய வினாவை யான் எந்தத் திறனாய்விலும் படித்திலேன். அந்தத் தீவின் சாலைகளில் எட்டிப் பார்ப்பார் ஒருவரும் இல்லையா என்பதே அது. மூன்றாண்டு ஒரு சிறுமியும் சிறுவனும் ஒன்றாக வீடு திரும்புகின்றனர்; தேநீர்க் கடையிலிருந்து ஒரு கண்ணும், வலை பின்னும் திண்ணையிலிருந்து ஒரு வாயும் அவர்களைத் தொடவில்லை. வகுப்புத் தோழர் கண்டுவிடுவரோ என்று நிஷிகதா அஞ்சுவது உண்டு. அஃது அம்பல் என்னும் அளவில் நின்றுவிடும். ஊரறியும் அலராக விரிவதில்லை. அகத்திணையிலோ அலரே களவினைக் கற்பிற்குத் தள்ளும் ஆற்றல். அலர் இல்லையேல் கதை நகராது. தகாகி நகராமைக்குக் காரணம் ஆசிரியரின் சோர்வு என்பர் சிலர். யான் அலர் இன்மையே காரணம் என்பேன்.

தமிழ்த் திரைப்படத்தோடு வைத்து நோக்கின் இதன் விலை புலனாகும். 1981இல் வந்த பாரதிராசாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ கடற்கரையூரில் இளையோர் இருவரின் காதலைக் காட்டியது. சமயம் வேறு, சாதி வேறு. பூணூலையும் சிலுவையையும் களைந்து ஊரை விட்டு நீங்குவதில் அது முடிந்தது. இஃது உடன்போக்கு. பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றியது. அதிலும் உடன்போக்கு உண்டு, ஆயின் சுற்றத்தார் கையில் அவன் அறிவிழந்து திரியும் அளவிற்குக் கொடுமை தொடர்ந்தது. பிரேம்குமாரின் ‘96’ (2018) தஞ்சாவூர்ப் பள்ளியொன்றில் முளைத்த அன்பைப் பிரிவுக்கு 22 ஆண்டின்பின் நினைவாக மீட்டெடுத்தது, அஃது இரங்கல். மூன்றும் சிறந்த படங்கள். மூன்றிலும் பள்ளிப் பருவத்து நகை உண்டு. ஆனால் அந்நகை வரப்போகும் இடிக்கு முன்னறிவிப்பாகவோ, இழந்ததன் எச்சமாகவோ நிற்கிறதன்றித் தனக்கென நிற்கவில்லை. நம் இயக்குநர்க்கு நகையாற்றல் இல்லாமையால் அன்று. எங்கு அலர் உயிரையும் பறிக்கவல்லதோ அங்கே இளையோர் இருவர் கவலையின்றி ஒரு சாலையில் நடக்கும் காட்சியை முப்பத்தாறு பகுதிக்கு நீட்ட ஒருவரும் துணியார். துணியினும் காண்போர் நம்பார்.

அங்ஙனமாயின் இத்தொடர் பொய்யா? நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம். தடுப்புச் சுவரின் கல், படிகளின் எண்ணிக்கை, மழைக்காலத்து ஒளி என உலகியல் வழக்கினை ஓவியத்தில் ஒன்றும் விடாது பதித்த இத்தொடர், மாந்தர் வாழ்க்கையில் நாடக வழக்கினை நாடி ஊராரை நீக்கிவிட்டது. அலர் உண்டு, குடும்பம் உண்டு, சாதி போன்ற பிரிவுகளின் எச்சம் சப்பானிலும் உண்டு. அவற்றுள் ஒன்றும் அத்தீவின் கரையில் ஒதுங்கவில்லை. இந்நீக்கமே தொடரின் இனிமைக்குக் கொடுத்த விலை. இவ்விலை மிகுதி எனக் கருதும் வாசகர் இருப்பர். அவர் கருத்திற்கும் அடிப்படை உண்டு. எனினும் அலரற்ற ஒரு சாலையை இளையோர்க்கு வரைந்து காட்டுதல் ஏமாற்று என்று யான் கருதுகிலேன். எட்டிப் பார்ப்பார் இல்லையா என்று கேட்ட அம்மாணவி அவ்வினாவைக் குறையாகக் கேட்டாளா, ஏக்கமாகக் கேட்டாளா என்பது அவள் குரலில் தெளிவாகவில்லை. தொடரை மட்டும் அவள் நிறுத்தாது முழுவதும் கண்டாள்.

2022ஆம் ஆண்டுத் திரைப்படத்தில்தான் முதன்முறையாக இழப்பு நுழைகிறது. நடுநிலைப்பள்ளியின் இறுதிக் கோடை. இருவரும் ஒரு பூனைக்குட்டியைக் கண்டெடுத்து, ஹனா எனப் பெயரிட்டு, கோயிற் புறத்தே வளர்க்கின்றனர். ஒருநாள் அது வேறொரு குடும்பத்தாரின் கைக்குச் சென்றுவிடுகிறது. தகாகி அழுகிறாள். அழுகையின் நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்று. பூனைக்குட்டியின் இழவு சிறிதுதான். ஆனால் நகையே வாயிலாகக் கொண்டிருந்தவளிடத்து அவ்வாயில் அடைபட்டபொழுது, பேச வேண்டிய முறை நிஷிகதாவிற்கு வருகிறது. மூன்று பருவமாக மடனைப் பற்றிக்கொண்டிருந்தவன் அதனை விட்டு, அவளை மகிழ்விப்பேன் என உறுதி கூறுகிறான். கேலியைக் கேலி என எண்ணிக் கேலிக்கு அஞ்சியவன் கேலியற்ற சொல்லொன்றை முதலிற் சொல்கிறான். நெய்தல் தன் இரங்கலை ஒரு பூனைக்குட்டி அளவிற்கு மட்டும் இங்குக் கேட்டுப் பெற்றுக்கொண்டது.

கற்பின் பகுதி வேறொரு நூலாக உளது. மூலச் சித்திரக்கதை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இனபா மிஃபுமி வரைந்த ‘கரகை ஜோசு நோ மோதோ தகாகி-சான்’ என்னும் கிளைக்கதை வெளிவரலாயிற்று. மோதோ என்பது முன்னைய என்னும் பொருளது. மணத்தாற் குடிப்பெயர் மாறியமையால் அவள் இப்பொழுது முன்னைய தகாகி. அகமாந்தர்க்குப் பெயர் இல்லை என்றோம். இங்கே பெயர் மாறியதே மணத்தை அறிவிக்கிறது. அவர்கட்குச் சீ என்னும் சிறுமகள் உண்டு. கேலி ஓயவில்லை, தந்தை தோற்கிறான், மகளும் தாயின் பக்கம் நின்று நகுகிறாள். களவில் வாயிலாக இருந்த நகை கற்பில் ஊடலின் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. ஊடல் பரத்தையிற் பிரிவால் வருவதன்று, உண்ணும் நேரத்திலும் உறங்கும் நேரத்திலும் வரும் சிறு போட்டியால் வருவது என்றால், மருதத்திற்கு உரிய அவ்வுரிப்பொருளை இத்தீவு தன் நெய்தலிலேயே வளர்த்துக்கொண்டது என்க.